இருபத்தொண்ணாவது கட்டம்

மன்னிக்கணும் சார், அந்தக் கல்யாணப் பத்திரிகையைக் கொஞ்சம் காட்டுறீங்களா? மாப்பிள்ளை யாரு, பொண்ணு யாருன்னு பாக்க இல்ல. கீழ ஓரத்துல சின்ன எழுத்துல ஒரு வரி இருக்கு பாருங்க, அதுக்குத்தான். நீங்க மடிச்சு மடியில வெச்சிருந்தப்ப அந்த வரி மேல வந்து நின்னுச்சு. விழுப்புரத்துல இருந்து அதையேதான் பாத்துக்கிட்டு வரேன். சிதம்பரம் தாண்டியாச்சு, இனியும் கேக்காம உக்காந்திருக்க முடியல.

"சாக்ஸபோன் இசை: வலங்கைமான் எஸ். கமலக்கண்ணன் குழுவினர்."

அவரேதான். இனிஷியலும் அதேதான்.

தெரியும் சார், நல்லாத் தெரியும். ஒரு வருஷம் சனிக்கிழமை சனிக்கிழமை எங்க வீட்டுலதான் தங்குவாரு. உங்க தங்கச்சி மக குடுத்து வெச்சவ, போங்க. நாளைக்குக் காலையில நீங்க கேக்கப் போறது சாதாரண வாசிப்பு இல்ல. நான் தஞ்சாவூர் போறேன், மக அங்க காலேஜ்ல வேலை பாக்குறா. ரெண்டு மாசத்துக்கு ஒருதரம் இந்த வண்டியிலதான் போவேன். கும்பகோணத்துல, அதான் வலங்கைமானுக்கு இறங்குற எடம், அங்க வண்டி நிக்கிறப்ப மட்டும் நான் பிளாட்பாரம் பக்கம் திரும்ப மாட்டேன், பேப்பரை விரிச்சு வெச்சுக்குவேன். ஏன்னு சொல்றேன், கேக்குறீங்களா? உங்களுக்குத் தூக்கம் வந்தா தூங்கிருங்க, நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்.

என் பேரு தேவசித்தம். சொந்த ஊரு சாயர்புரம், தூத்துக்குடிப் பக்கம். மெட்ராஸ் வந்து முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. பேங்க்ல இருந்து போன வருஷம் ரிட்டயர் ஆனேன். அப்பல்லாம் ஞாயித்துக்கிழமை காலையில சர்ச்சுல ஆர்கன், மத்தியானம் ஒரு பெரிய ஹோட்டல்ல கீபோர்டு. காலையில பரலோகம், மத்தியானம் பஃபேன்னு மெல்வின் கிண்டல் பண்ணுவான். மெல்வின்தான் எங்க பேண்டுக்குத் தலைவன், டிரம்ஸ் வாசிப்பான், பெரம்பூர்க்காரன். அவன் தங்கச்சி ஷெரில் பேஸ் கிட்டார். நாங்க வாசிச்சது ஜாஸ்.

ஜாஸ்னா என்னன்னா... அஞ்சு நிமிஷம் குடுங்க. ஒரு பாட்டுக்கு அடியில கார்ட்னு ஒண்ணு ஓடும். மூணு நாலு சுரத்தைச் சேத்து ஒரே அமுக்கு. நாலு தட்டுக்கு ஒரு கட்டம், கட்டத்துக்குக் கட்டம் கார்ட் மாறிக்கிட்டே போகும். பாட்டை ஒருதரம் வாசிச்சு முடிச்சதும் பாட்டை விட்டுருவோம். அந்தக் கார்ட் வரிசை மட்டும் கீழ ஓடிக்கிட்டு இருக்கும், அதுக்கு மேல ஆளாளுக்கு மனசுல தோணுறதை வாசிக்கணும். நம்ம கச்சேரியில மனோதர்மம்னு சொல்றாங்களே, கிட்டத்தட்ட அதுதான். என்ன, இங்க கீழ இருக்கிற தரை நகந்துக்கிட்டே இருக்கும்.

அந்தத் தரை எங்க நகருதுன்னு தெரிஞ்சாத்தானே காலை வைக்க முடியும்? அதுக்குத்தான் அலசிப் பாக்கணும். ரெண்டு, அஞ்சு, ஒண்ணுன்னு ஒரு வரிசை இருக்கு சார். ரெண்டுங்கிறது தெருமுனை. அஞ்சுங்கிறது வாசப்படி. ஒண்ணுன்னா வீட்டுக்குள்ள போயி ஃபேனைப் போட்டு உக்காந்தாச்சு. எந்தப் பாட்டைக் குடுத்தாலும் எது தெருமுனை, எது வாசப்படி, எது வீடுன்னு பிரிச்சு எழுதிருவேன். நாலு கலர் பேனா வெச்சிருப்பேன். வீட்டுக்குப் பச்சை, வாசப்படிக்குக் கறுப்பு, தெருமுனைக்கு நீலம், தப்புக்குச் சிகப்பு. பேண்டுல என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாங்க, 'தியரி சார்'ம்பாங்க. அவ்வளவு மரியாதை.

நான் வாசிக்கிறதா? மனசுல தோணுறதை வாசிக்கணும்தான். தோணலேன்னா என்ன பண்றது? அதனால வீட்டுலயே எழுதி, மனப்பாடம் பண்ணிட்டுப் போயிருவேன். யாருக்கும் தெரியாது. உங்ககிட்டதான் முதல்தடவை சொல்றேன்.

எங்க சாக்ஸபோன்காரன் துபாய்க்குப் போயிட்டான். அந்தச் சமயத்துல தாம்பரத்துல எங்க மேனேஜர் வீட்டுக் கல்யாணம். ரிசப்ஷன்ல நெத்தி நிறைய விபூதியோட ஒருத்தர் சாக்ஸபோன்ல சினிமாப் பாட்டு வாசிச்சுக்கிட்டு இருந்தாரு. நான் சாப்பிட்டுக் கை கழுவப் போறேன், ரெண்டு பாட்டுக்கு நடுவுல சும்மா ஒரு இழுப்பு இழுத்தாரு பாருங்க. கையில சோப்பு நுரையோட அப்படியே நின்னுட்டேன். அதுதான் கமலக்கண்ணன். நாயனக்காரர் குடும்பம். பதினெட்டு வயசுல நாயனத்தை வெச்சுட்டு சாக்ஸபோனை எடுத்திருக்காரு, அதுக்கு அவங்க அப்பா ஒரு வருஷம் பேசலையாம். அவரைக் கண்டுபிடிச்சுக் கூட்டிட்டு வந்தது நான்தான் சார். மத்ததெல்லாம் சொல்றப்ப இதையும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

சனிக்கிழமை மத்தியானம் பஸ்ல வந்து இறங்குவாரு. என் மனைவிக்குன்னு கும்பகோணத்துக் காப்பிப்பொடி வாங்கிட்டு வருவாரு. அவளை அக்கான்னுதான் கூப்பிடுவாரு. எங்க வீட்டுச் சாப்பாடு, எங்க ஹால்ல பாய். ஞாயித்துக்கிழமை ஹோட்டல்ல கோட்டு மாட்டி விடுவாங்க, விபூதியை மட்டும் அழிக்க மாட்டேன்னுட்டாரு.

நோட்டு, அதான் இங்கிலீஷ் சங்கீத எழுத்து, அது படிக்கத் தெரியாது. ஒரு எழுத்துகூடத் தெரியாது. முதல் நாளே கலர் கலரா எழுதின தாளை நீட்டினேன். "பேப்பர் வேண்டாம் சார், பாட்டைக் குடுங்க, கேட்டுக்கிறேன்"ன்னாரு. போன்ல அனுப்பி வெச்சேன். வலங்கைமான்ல இருந்து மெட்ராஸ் வர்ற வரைக்கும் பஸ்ல அதையே கேட்டுக்கிட்டு வருவாரு. வந்து வாசிப்பாரு. ஹோட்டல்ல சாப்பிட வந்தவங்க பிரியாணித் தட்டோட எழுந்து வந்து பக்கத்துல நின்னு கேப்பாங்க. நான் வாசிக்க ஆரம்பிச்சா மறுபடி தட்டை நிரப்பப் போயிருவாங்க.

பொறாமையா? எனக்கா? சேச்சே. கூட்டிட்டு வந்ததே நான்தானே.

சரி, விஷயத்துக்கு வரேன். ஒரு பழைய அமெரிக்கப் பாட்டு. மொத்தம் முப்பத்திரண்டு கட்டம். என்கிட்ட ஒரு தடிப் புத்தகம் இருக்கு, ஒரு சிநேகிதர்கிட்ட இரவல் வாங்கி ஜெராக்ஸ் எடுத்து ஸ்பைரல் போட்டது. அந்தப் பாட்டுல ஒரு வரியோட ஆரம்பத்துல, சரியா இருபத்தொண்ணாவது கட்டத்துல, ஸ்பைரலுக்குப் போட்ட ஓட்டை விழுந்திருந்துச்சு. என்ன கார்ட்னு தெரியல. அது ஒரு பெரிய விஷயமா? முன்னாடி என்ன இருக்கு, பின்னாடி என்ன இருக்குன்னு பாத்தேன். இந்தச் சுருதிக்கு நாலாவது கார்ட் மேஜராத்தான் வரணும்னு கணக்குப் போட்டேன், எழுதிட்டேன். ஏன் அங்க அது வருதுன்னு அரைப் பக்கத்துக்குக் குறிப்பு வேற எழுதினேன். அதை எல்லாருக்கும் ஜெராக்ஸ் போட்டுக் குடுத்தேன்.

ரெக்கார்டைப் போட்டுக் கேட்டிருக்கலாம். கேக்கல. கணக்குத்தான் வந்துருச்சே, அப்புறம் எதுக்குக் கேக்கணும்?

முதல் ஒத்திகையில கமலக்கண்ணன் வாசிச்சுக்கிட்டே வராரு, அந்த இருபத்தொண்ணு வந்ததும் ஒரு சுரம் இடிச்சுது. நாங்க மூணு பேரும் ஒரு பக்கம், அவரு ஒரு பக்கம். நிப்பாட்டினேன். மறுபடி. மறுபடியும் அதே எடத்துல அதே இடி.

"தைவதம் எறங்கித்தான் சார் வருது அந்த எடத்துல," அப்படின்னாரு. "சங்கராபரணத்துலயே போயிக்கிட்டு இருக்கிறப்ப அங்க மட்டும் சரசாங்கி எட்டிப் பாத்துட்டுப் போகுது. அதுதான் சார் இந்தப் பாட்டுக்கே அழகு."

தைவதம்னா ஏழு சுரத்துல ஆறாவது. அதுல ஏறினது ஒண்ணு, எறங்கினது ஒண்ணு. எங்க மேஜர் கார்ட்ல இருந்தது ஏறினது. அவரு வாசிச்சது எறங்கினது, அது வந்தா கார்ட் மைனர் ஆயிரும். இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. "கமலக்கண்ணன், இது ராகம் இல்ல, ஹார்மனி. கார்ட் என்னவோ அதுலதான் நிக்கணும்"னேன். ஷெரில், பாவம், ஒருதரம் ரெக்கார்டைப் போட்டுப் பாத்துரலாமேன்னு சொன்னா. எனக்குச் சுருக்குன்னு ஏறிருச்சு. நாலு கலர்ல எழுதி வெச்சிருக்கேன், இதுக்கு மேல என்ன வேணும்னு கேட்டேன். கேட்டுட்டு சும்மா இருந்திருக்கலாம். ஆடத் தெரியாதவ தெருக் கோணல்னாளாம்னு கமலக்கண்ணனைப் பாத்து ஒரு வார்த்தையும் சேத்துச் சொன்னேன். மெல்வின் சிரிச்சான். கமலக்கண்ணனும் கூடச் சேந்து சிரிச்சாரு. அந்தச் சிரிப்பைத்தான் சார் இப்ப நினைக்க முடியல.

அதுக்கப்புறம் ஆறு ஞாயித்துக்கிழமை அவர் வாசிச்சதைப் போன்ல பதிவு பண்ணேன். அவருக்கு உதவியா இருக்கட்டுமேன்னுதான். வீட்டுக்கு வந்து அலசி ஒரு பட்டியல் போட்டேன். எந்தக் கட்டத்துல எந்தச் சுரம், கார்டுக்குள்ள இருக்கா, வெளிய இருக்கா. மத்த முப்பத்தொரு கட்டத்துலயும் அந்த மனுஷன் பண்ணதைப் பாத்தா, எழுதி எழுதி எனக்குக் கை வலிச்சுது. புத்தகத்துல பத்துப் பக்கத்துல சொல்லியிருக்கிறதை ஒரு மூச்சுல பண்ணிட்டுப் போயிருப்பாரு. ஆனா இருபத்தொண்ணு மட்டும் சிகப்பு. ஆறுக்கு ஆறு சிகப்பு. அதுலயும் ரெண்டு வாரம், அந்த எடம் வந்ததும் என்னை ஒரு பார்வை பாத்துட்டு வாயை எடுத்துட்டாரு, ஒண்ணுமே வாசிக்கல. அதையும் நான் சிகப்புலதான் சேத்தேன்.

வாசிச்ச நாலு தடவையும் ஒரே எடத்துல ஒரே சுரம்னா என்ன அர்த்தம்? தெரியாம வாசிக்கிறாருன்னு அர்த்தம். அப்படித்தான் நான் எழுதி வெச்சேன். வேற அர்த்தமும் இருக்கலாம்னு இந்த மண்டைக்கு ஏறல.

அந்த நேரத்துலதான் பாண்டிச்சேரியில இருந்து கூப்பிட்டாங்க. ஜனவரியில மூணு நாள் ஜாஸ் விழா, வெளிநாட்டுல இருந்தெல்லாம் ஆளுங்க வந்து வாசிக்கிறாங்க. ஹோட்டல்ல கரண்டிச் சத்தத்துக்கு நடுவுல வாசிச்ச எங்களுக்கு அது எவ்வளவு பெரிசுன்னு சொல்லத் தெரியல. கமலக்கண்ணனுக்கு அதைவிடப் பெரிசு. தை மாசம் சார், முகூர்த்த மாசம். வந்த கல்யாணத்தையெல்லாம் வேற குழுவுக்கு விட்டுக் குடுத்துட்டாரு. அவங்க பெரியப்பா, "கல்யாணத்தை விட்டுட்டு எவன் முன்னாடிடா போயி ஊதப்போற"ன்னு கேட்டாராம். "காதை மட்டும் வெச்சுக்கிட்டு எவ்வளவு தூரம் போக முடியும்னு பாத்துட்டு வரேன் பெரியப்பா"ன்னு சொல்லிட்டு வந்தாராம். இதை என் மனைவிகிட்ட சோறு சாப்பிட்டுக்கிட்டே சொன்னாரு. நானும் பக்கத்துலதான் இருந்தேன்.

டிசம்பர்ல ஒரு புதன்கிழமை மெல்வின் போன் பண்ணான். அந்தப் பாட்டைத்தான் முதல்ல வாசிக்கிறோம், கமலக்கண்ணன் சரியா வருவாரான்னு கேட்டான். நான் உள்ளதைச் சொன்னேன். ஆறுக்கு ஆறு தப்புன்னேன். பட்டியலைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். அவன் பாத்துட்டு, "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் தியரி சார்"னு வெச்சுட்டான்.

மறுநாள் வியாழக்கிழமை. பாண்டிச்சேரிக்காக எனக்கு ஒரு வாசிப்பு எழுதி மனப்பாடம் பண்ணணுமே, அதுக்காக ரெக்கார்டை ஹெட்ஃபோன்ல போட்டேன். கையில பேனா, கலர் கலரா. பத்தொம்பது, இருபது... இருபத்தொண்ணு.

மைனர் சார்.

பியானோக்காரன் பட்டவர்த்தனமா மைனர் வாசிக்கிறான். தைவதம் எறங்கித்தான் இருக்கு. ஒளிவு மறைவு இல்ல, யாரும் கேக்கலாம். பதினொரு தடவை போட்டுப் போட்டுக் கேட்டேன். மேஜரா ஆயிராதான்னு ஒவ்வொரு தடவையும் ஜெபம் பண்ணிக்கிட்டே கேட்டேன். பதினொரு தடவையும் அதேதான். சரசாங்கி எட்டிப் பாத்துட்டுப் போகுதுன்னாரே, அப்படியேதான் வந்துட்டுப் போச்சு. அவ்வளவு அழகா இருந்துச்சு. அது அழகா இருக்கேன்னுதான் எனக்கு முதல்ல அழுகை வந்துச்சு, அப்புறம்தான் வெக்கம் வந்துச்சு.

உடனே மெல்வினுக்குப் போன் பண்ணியிருக்கணும். போனைக் கையில எடுத்தேன் சார், சத்தியமா எடுத்தேன். என்னன்னு சொல்றது? தியரி சார் ஓட்டை விழுந்த எடத்துல தானா ஒண்ணை எழுதிட்டு, அதை வெச்சு ஒருத்தருக்கு மார்க் போட்டாருன்னா? ஷெரில் ஞாபகம் வந்துச்சு. பேசாம ஞாயித்துக்கிழமை போயி, எல்லார் தாள்லயும் நைசா மைனர்னு திருத்திரலாம்னு யோசிச்சேன். அப்ப கமலக்கண்ணன் வாசிக்கிறது தானா சரியாயிரும், யாருக்கும் ஒண்ணும் தெரியாது. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிற வேலைதான். ஆனா அந்தப் பூசணிக்காயை வெச்சு ரெண்டு நாள் நிம்மதியா இருந்தேன்.

சனிக்கிழமை காலையில மெல்வின் கூப்பிட்டான். பெங்களூர்ல இருந்து வேற ஆள் பேசியாச்சு, நல்லா ஷீட் படிப்பான், கமலக்கண்ணன்கிட்ட நீங்களே சொல்லிருங்க, நீங்க கூட்டிட்டு வந்தவர்தானே, உங்க வீட்டுலதானே தங்குறாருன்னான். அப்பவாவது சொல்லியிருக்கலாம். "சரி மெல்வின்"னேன்.

மத்தியானம் வந்தாரு. காப்பிப்பொடி குடுத்தாரு. அன்னைக்கு என் மனைவி அவருக்காகக் கத்திரிக்காய்க் காரக்குழம்பு வெச்சிருந்தா, ரெண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு. சாப்பிட்டு எழுந்ததும் பால்கனிக்குக் கூட்டிட்டுப் போனேன். காலையில இருந்து மெதுவான வார்த்தையாத் தேடித் தேடி வெச்சிருந்தேன். "கமலக்கண்ணன், இந்தத் தடவை பாண்டிச்சேரிக்கு ஷீட் படிக்கத் தெரிஞ்ச ஆள் வேணும்னு மெல்வின் நினைக்கிறான். உங்க வாசிப்புல ஒரு குறையும் இல்ல." பாருங்க, இதுல ஒரு பொய்யும் இல்ல.

அவரு துண்டால கையைத் துடைச்சுக்கிட்டே இருந்தாரு. கை எப்பவோ காஞ்சிருச்சு. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு.

"அந்த எடம்தானா சார்?"

நான் தலையை ஆட்டினேன். ஆமான்னு வாயால சொல்லல, அதை நீங்க கவனிக்கணும். தலைதான் ஆடுச்சு.

என்ன பாக்குறீங்க? ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்றீங்க. என் மனைவியும் அதைத்தான் சொல்லுவா, தெரிஞ்சா. அவளுக்குத் தெரியாது. தம்பி ஏன் இப்ப வர்றதில்லைன்னு ரொம்ப நாள் கேட்டுக்கிட்டே இருந்தா. அவருக்குக் கல்யாண சீசன்னு சொல்லிச் சமாளிச்சேன். வருஷம் பூரா என்ன கல்யாண சீசன்னு ஒரு நாள் கேட்டா, அதோட விட்டுட்டா. அந்தக் காப்பிப்பொடி மட்டும் டப்பாவுல கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு, எனக்குக் காப்பி வேண்டாம்னு டீக்கு மாறிட்டேன்.

பாண்டிச்சேரியில வாசிச்சோம். அந்தக் கார்டைத் திருத்தினேனான்னு கேக்குறீங்களா? எப்படித் திருத்துறது சார்? திருத்தினா ஏன் திருத்தினீங்கன்னு கேப்பாங்களே. மேஜர்லயேதான் வாசிச்சோம். பெங்களூர்க்காரன் தாளைப் பாத்து அச்சுப் பிசகாம, நான் எழுதின தப்பை அப்படியே வாசிச்சான். நல்ல கைதட்டல். இறங்கி வரேன், வெள்ளைத் தாடி வெச்ச ஒருத்தர் என் கையைப் பிடிச்சுக் குலுக்கினாரு. நடுவுல அந்த ஒரு கார்டை மாத்தினீங்களே, யாரோட யோசனை அது, நல்ல தைரியம் அப்படின்னாரு இங்கிலீஷ்ல. நான் என்ன சொன்னேன்னு நினைக்கிறீங்க? தேங்க் யூன்னேன்.

அவருக்குப் பின்னால ஒரு ஆள் நிக்குது. வெள்ளைச் சட்டை, நெத்தியில விபூதி.

வந்திருக்காரு சார். பஸ் பிடிச்சு, டிக்கெட் வாங்கி, கடைசி வரிசையில உக்காந்து கேட்டிருக்காரு. அவரா வந்து கையைப் பிடிச்சுக்கிட்டாரு.

"நல்லா இருந்துச்சு சார். அந்த எடம் வந்ததும் கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டேன். நீங்க எல்லாரும் சொன்ன மாதிரிதான் இருக்கு. எனக்குத்தான் தப்பாக் கேட்டிருக்கு."

இல்ல கமலக்கண்ணன்னு சொல்ல வாயைத் திறந்தேன். வெள்ளைத் தாடிக்காரர் பக்கத்துலயே நிக்கிறாரு. மெல்வின் வேற டிரம்ஸைக் கட்டிக்கிட்டு இந்தப் பக்கம் வரான். அவரு தொடர்ந்து பேசினாரு.

"பரவால்ல சார். இப்ப போன்ல ஒரு ஆப் போட்டிருக்கேன், சுருதி சரியா இருக்கான்னு முள்ளு காட்டும். வீட்டுல வாசிக்கிறப்ப அதை முன்னால வெச்சுக்கிறேன். காதை மட்டும் நம்பிக்கிட்டு இருக்கக் கூடாதுன்னு உங்களாலதான் சார் தெரிஞ்சுது."

நன்றி சொன்னாரு சார் எனக்கு. அஞ்சு தலைமுறையா காதை வெச்சுப் பொழைச்ச குடும்பம். அந்தக் காதுல நான் ஓட்டை போட்டு விட்டுட்டேன், அதுக்கு அந்த மனுஷன் என் கையைப் பிடிச்சுக்கிட்டு நன்றி சொல்லிட்டுப் போயி பஸ் ஏறிட்டாரு.

அதுக்கு அடுத்த மாசமே பேண்டை விட்டுட்டேன். விரல் வலின்னு சொன்னேன். இப்ப சர்ச்சுல ஆர்கன் மட்டும்தான், பாட்டுப் புத்தகத்துல இருக்கிறதை இருக்கிறபடி வாசிப்பேன்.

என்ன சொன்னீங்க? மறுபடி சொல்லுங்க. தாம்பூலம் குடுக்கப் போனப்ப உங்களுக்கு வாசிச்சுக் காட்டினாரா? முன்னால ஸ்டாண்டு போட்டு அதுல போனை வெச்சிருந்தாரா? அதையே பாத்துக்கிட்டு வாசிச்சாரா?

ஆறு வருஷம் ஆச்சு சார்.

நீங்க அதுல ஸ்வரம் எழுதி வெச்சிருக்காருன்னு நினைச்சீங்க. இல்ல. அது முள்ளு. கரெக்டா இல்லையான்னு முள்ளு சொல்லணும், அப்பத்தான் அவருக்கு நம்பிக்கை. ஆண்டவரே. நான் என்னவோ, அப்பவே விட்டுருப்பாரு, மறந்துருப்பாருன்னு நினைச்சு மனசைத் தேத்திக்கிட்டு இருந்தேன்.

இது என்ன ஸ்டேஷன், ஆடுதுறையா? அப்ப அடுத்தது நீங்க இறங்குற கும்பகோணம்தான். சார், ஒரு உதவி. இந்தப் பையில ஒரு கவர் இருக்கு. ஓரமெல்லாம் மடங்கியிருக்கும், பாத்து வாங்குங்க, ஆறு வருஷமா பையிலயே கிடக்கு. உள்ள இருக்கிறது அந்தப் பாட்டோட தாள். புதுசா எழுதினேன், முப்பத்திரண்டு கட்டமும். இருபத்தொண்ணுல மைனர்னு திருத்தி, என் பேருக்குப் பக்கத்துல சிகப்புல கோடு போட்டிருக்கேன். சிகப்பு எனக்குத்தான்னு அவருக்குத் தெரியணும் இல்லையா? ஏன் அங்க மைனர் வருது, அவர் வாசிச்சது எப்படிச் சரின்னு அதே நோட்டு எழுத்துலயே அரைப் பக்கத்துக்கு அலசி வேற எழுதியிருக்கேன். ரொம்பத் தெளிவா இருக்கும். நாளைக்குக் காலையில இதை அவர் கையில குடுத்துருங்க. யார் குடுத்தான்னு சொல்லக்கூட வேண்டாம், பாத்தாலே புரிஞ்சுக்குவாரு.

ஏன் சார் வாங்க மாட்டேங்கறீங்க?

என்ன...

ஆமா. நோட்டு படிக்கத் தெரியாதுதான். நான்தான் சொன்னேன் உங்ககிட்ட. ஒரு எழுத்துகூடத் தெரியாதுன்னு நானேதான் சொன்னேன்.

நாலு தடவை எழுதினேன் சார் இதை. கை எழுத்து நல்லா இல்லைன்னு மூணைக் கிழிச்சுப் போட்டேன். இந்த நாலாவது தாளுக்குக் கலர் பேனா புதுசா வாங்கினேன். இத்தனை வருஷத்துல ஒரு நாள்கூட எனக்கு இது தோணலையே. அவருக்குன்னு எழுதினதா நினைச்சுக்கிட்டு எனக்கே எழுதிக்கிட்டு இருந்திருக்கேன்.

இல்ல சார், நீங்க வாங்க வேண்டாம், நானே வெச்சுக்கிறேன். அதைக் கிழிக்க வேண்டியதில்ல, ஆனா அது ஆகாது. அவருக்குச் சொல்லணும்னா வாயாலதான் சொல்லணும். அன்னைக்குத் தலையை ஆட்டினேன்ல, அதுக்கு வாயாலதான் பதில்.

மேல இருக்கிற அந்த நீலப் பையைக் கொஞ்சம் இறக்கித் தர்றீங்களா? நானும் கும்பகோணத்துலயே இறங்கிக்கிறேன். மகளுக்கு ஒரு போன் போட்டு நாளைக்கு வரேன்னு சொல்லிக்கிறேன். ரூமெல்லாம் நான் பாத்துக்கிறேன், அது கவலையில்ல. முகூர்த்தம் எத்தனை மணிக்குன்னு போட்டிருக்கு? ஏழரைல இருந்து ஒம்பதா. அப்படின்னா அவரு ஆறு மணிக்கே வந்து மேடையில உக்காந்திருப்பாரு, பழக்கம் அப்படி.

ஆறு மணிக்கு நீங்களும் கொஞ்சம் அந்தப் பக்கம் வந்து நிக்கிறீங்களா சார்? நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். தனியா நின்னா நான் மறுபடியும் மெதுவான வார்த்தையாத் தேட ஆரம்பிச்சுருவேன்.